வரைபடத்தைப் பார்த்து சராசரி மாறுவீதம் கண்டுபிடிப்பது எப்படி? ஒரு ஸ்கேல், இரண்டு புள்ளி போதும்

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஏற்கெனவே தெரியும், பெயர்தான் தெரியாது. ஆட்டத்துக்கு நடுவே டிவியில் ஒரு படம் காட்டுவார்கள் இல்லையா, கீழே ஓவர், பக்கவாட்டில் ரன், புழு மாதிரி நெளிந்து ஏறுகிற ஒரு கோடு, அதற்குப் பெயரே ‘வார்ம்’தான். அதைப் பார்த்துவிட்டு “நடு ஓவர்லயெல்லாம் அஞ்சு அஞ்சா போயிட்டிருந்தானுங்க, கடைசியில எட்டு எட்டா அடிச்சுட்டானுங்க” என்று சோபாவில் சாய்ந்தபடி யாராவது சொன்னால், அவர் சொல்வது சராசரி மாறுவீதம். இதையே பாடப்புத்தகத்தில் சார்பு, இடைவெளி, வெட்டுக்கோடு என்று எழுதியதும் பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்குகிறது.

விஷயம் இவ்வளவுதான். வளைகோட்டில் இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எவ்வளவு உயரம் ஏறினோம் (அல்லது இறங்கினோம்) என்று பாருங்கள். எவ்வளவு தூரம் வலப்பக்கம் நகர்ந்தோம் என்று பாருங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விடை. அந்த இரண்டு புள்ளிகளையும் ஸ்கேல் வைத்து ஒரு நேர்கோட்டால் இணைத்தால் அதுதான் வெட்டுக்கோடு, நீங்கள் கண்டுபிடித்த எண் அந்தக் கோட்டின் சாய்வு. இலங்கைப் புத்தகங்களில் சாய்வுக்குப் படித்திறன் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

வகுக்கத் தெரிந்தவர்கள் யாரும் இதில் வகுத்தலில் தவறு செய்வதில்லை. தவறெல்லாம் அதற்கு முன்பே, எண்களை வரைபடத்திலிருந்து எடுக்கும் இடத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதனால் அந்த இடத்தில்தான் நிறைய நேரம் நிற்கப்போகிறோம்.

முதலில் அச்சுகளைப் படியுங்கள்

வளைகோட்டைப் பார்க்கவே வேண்டாம். கையால் மறைத்துக்கொண்டாலும் சரி. கிடை அச்சில் என்ன இருக்கிறது, நேரமா, தூரமா, ஓவரா, வெறும் எக்ஸா? செங்குத்து அச்சில் என்ன? ஒரு கட்டத்துக்கு எவ்வளவு? செங்குத்து அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்குகிறதா அல்லது நடுவில் 300-லிருந்து தொடங்குகிறதா? இந்த நான்கு கேள்விக்கும் பதில் எழுதிவிட்டு அப்புறம் வளைகோட்டுக்கு வாருங்கள்.

இது சும்மா சம்பிரதாயத்துக்குச் சொல்வதில்லை. ஒரு கிராஃப் பேப்பரை எடுத்துக்கொண்டு 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை வரைவோம். ஏப்ரல் 2, மும்பை வான்கடே மைதானம். இலங்கை 274 எடுத்தது, இந்தியாவுக்கு இலக்கு 275. இந்தியாவின் ஆட்டத்தில் விக்கெட் விழுந்த இடங்களையும் முடிந்த இடத்தையும் மட்டும் புள்ளியாக வைத்தால் போதும்: 0.2 ஓவரில் ரன் எதுவும் இல்லாமல் சேவாக் போனார், 6.1-ல் 31 ரன் இருக்கும்போது சச்சின், 21.4-ல் 114 இருக்கும்போது கோலி, 41.2-ல் 223 இருக்கும்போது கம்பீர், 48.2-ல் தோனியின் சிக்ஸரோடு 277. கிடை அச்சில் 1 சென்டிமீட்டருக்கு 5 ஓவர், செங்குத்து அச்சில் 1 சென்டிமீட்டருக்கு 20 ரன் என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

இப்போது கோலி அவுட்டானதிலிருந்து கம்பீர் அவுட்டானது வரை என்ன வேகம் என்று கேட்கிறார்கள். ஸ்கேலை வைத்து அளந்தால் மேலே ஏறியது ஏறக்குறைய 5.5 சென்டிமீட்டர், வலப்பக்கம் நகர்ந்தது ஏறக்குறைய 3.9 சென்டிமீட்டர், வகுத்தால் 1.4. ஓவருக்கு 1.4 ரன் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்! அது ரன்னும் இல்லை, ஓவரும் இல்லை, பேப்பரில் உள்ள கட்டம். அந்த வேகத்தில் ஆடியிருந்தால் 50 ஓவரில் 70 ரன் வந்திருக்கும். கட்டங்களை எண்ணாதீர்கள், அச்சில் எழுதியிருக்கும் மதிப்பைப் படியுங்கள்: ரன் 223 − 114 = 109.

சரி, ஓவர்?

21.4 என்றால் 21.4 இல்லை

இங்கே நானே வழுக்கியிருக்கிறேன். கால்குலேட்டரில் 41.2 − 21.4 = 19.8 என்று தட்டி, 109 ÷ 19.8 = 5.51 என்று நம்பிக்கையோடு எழுதி வைத்தேன். ஆனால் 21.4 ஓவர் என்பது 21 ஓவரும் 4 பந்தும், தசமப் புள்ளி அங்கே வெறும் பிரிப்புக் குறி. ஓவருக்கு ஆறு பந்து. அதனால் 21.4 என்பது உண்மையில் 21-க்கும் 22-க்கும் நடுவே மூன்றில் இரண்டு பங்கு தள்ளி இருக்கும் இடம், 21.67. அதேபோல 41.2 என்பது 41.33. பந்துக் கணக்கில் போனால் குழப்பமே இல்லை: 248 − 130 = 118 பந்து. 109 ரன்னை 118-ஆல் வகுத்து ஆறால் பெருக்கினால் ஓவருக்கு 5.54.

வித்தியாசம் சின்னதுதானே என்று தோன்றும். இங்கே சின்னது. இதே தவறை மணிக் கணக்கில் செய்து பாருங்கள். போனில் பேட்டரி வரைபடம் இருக்கிறது, காலை 9.40-க்கு 86 சதவீதம், மதியம் 12.10-க்கு 46 சதவீதம். 12.10-லிருந்து 9.40-ஐக் கழித்தால் 2.70 என்று கால்குலேட்டர் சொல்லும், 40-ஐ அதனால் வகுத்தால் மணிக்கு 14.8 சதவீதம் இறங்கியதாக வரும். உண்மையில் ஓடியது இரண்டரை மணி நேரம், மணிக்கு 16 சதவீதம். கீழ் அச்சில் மணியோ, ஓவரோ, வருடமும் மாதமும் கலந்தோ இருந்தால் முதலில் அதை ஒரே அலகுக்கு மாற்றிவிட்டுத்தான் கழிக்க வேண்டும்.

கழிக்கும் வரிசை

பேட்டரியை எடுத்ததே இன்னொரு காரணத்துக்காக. அங்கே விடை 16 இல்லை, −16. முடிவில் இருந்ததிலிருந்து தொடக்கத்தில் இருந்ததைக் கழிக்கிறோம்: 46 − 86 = −40. கீழேயும் அதே வரிசை, முடிவு நேரத்திலிருந்து தொடக்க நேரம். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை என்று கலந்துவிட்டால் குறி தலைகீழாகிவிடும், ஏறுவது இறங்குவதாகத் தெரியும். தப்பித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. விடை எழுதியதும் ஸ்கேலை அந்த இரண்டு புள்ளி மேல் வைத்துப் பாருங்கள். இடமிருந்து வலமாகப் போகும்போது ஸ்கேல் இறங்கினால் விடை மைனஸில் இருக்க வேண்டும், ஏறினால் பிளஸ். கண்ணும் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் தவறு பெரும்பாலும் கணக்கில்தான்.

கிடை அச்சில் மைனஸ் எண் வந்தால் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. எக்ஸின் வர்க்கத்தை வரைந்தால் கிண்ணம் போல ஒரு வளைகோடு வரும், எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அதில் −3-லிருந்து 1 வரை கேட்டால் உயரங்கள் 9, 1. மேலே 1 − 9 = −8. கீழே 1 − (−3), அதாவது 4, ஆனால் 1 − 3 என்று போட்டு −2 என்று எழுதுகிறவர்கள் ஏராளம். சரியான விடை −8 ÷ 4 = −2. கீழே சந்தேகம் வந்தால் அச்சில் விரலை வைத்து −3-லிருந்து 1 வரை கட்டங்களை எண்ணிவிடுங்கள், அங்கே ஒரு கட்டம் ஓர் அலகாக இருந்தால் நான்கு வரும். (இந்தக் கிண்ணத்தில் மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு: இரண்டு எக்ஸ் மதிப்புகளையும் கூட்டினாலே சராசரி மாறுவீதம் வந்துவிடும். −3 + 1 = −2. 1-லிருந்து 3 வரை என்றால் 4. ஏன் என்று யோசித்துப் பாருங்கள், வர்க்க வித்தியாசத்தைக் காரணிப்படுத்தினால் பிடிபடும். வேறு வளைகோட்டுக்கு இதைப் போட்டுவிடாதீர்கள்.)

விடையோடு அலகையும் எழுதுங்கள். செங்குத்து அச்சின் அலகு முன்னால், கிடை அச்சின் அலகு ‘ஒன்றுக்கு’ என்று பின்னால்: ஓவருக்கு இத்தனை ரன், மணிக்கு இத்தனை சதவீதம். அலகு எழுதுகிற பழக்கம் இருந்தால், முதலில் சொன்ன அந்த 1.4 தவறு கையில் வரவே வராது, ‘சென்டிமீட்டருக்கு 1.4 சென்டிமீட்டர்’ என்று எழுதும்போதே சிரிப்பு வந்துவிடும்.

நடுவில் நடந்ததெல்லாம் எங்கே போயிற்று?

பதினொன்றாம் வகுப்பு படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது அவள் கேட்டது: “அண்ணா, நடுவுல கோடு இப்படி மேலயும் கீழயும் போகுதே, அதெல்லாம் கணக்குல வராதா?” வராது. இரண்டு முனை தவிர வேறு எதுவும் வராது. அவளுக்கு அது அநியாயமாகப் பட்டது, எனக்கு அது நியாயமான கோபமாகத்தான் பட்டது. பேட்டரி காலையில் 80, சாயங்காலம் 80 என்றால் சராசரி மாறுவீதம் பூஜ்ஜியம். நடுவில் 15-க்கு இறங்கி, சார்ஜருக்கு அலைந்து, மறுபடி ஏற்றியதெல்லாம் அந்தப் பூஜ்ஜியத்துக்குத் தெரியாது. கிண்ண வளைகோட்டில் −2-லிருந்து 2 வரை பார்த்தாலும் இதே கதை, இரண்டு பக்கமும் உயரம் 4, விடை பூஜ்ஜியம். அதனால் பூஜ்ஜியம் வந்தால் ‘எதுவும் மாறவில்லை’ என்று எழுதாதீர்கள், ‘தொடங்கிய உயரத்திலேயே முடிந்தது’ என்று எழுதுங்கள்.

முனைகள் மட்டும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன என்பதால், முனையை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மறுபடி வான்கடே. கம்பீர் அவுட்டான 41.2-லிருந்து ஆட்டம் முடிந்த 48.2 வரை 42 பந்தில் 54 ரன், ஓவருக்கு 7.71. ஒரே ஒரு பந்து முன்னால், 48.1-ல் நிறுத்திக்கொண்டால் 41 பந்தில் 48 ரன், ஓவருக்கு 7.02. ஒரு சிக்ஸர் ஓவருக்கு 0.7 ரன்னைத் தூக்கிவிட்டது. இரண்டும் சரியான கணக்கு, இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விடை. கேள்வியில் இடைவெளி கொடுத்திருந்தால் அதையே எடுங்கள், கொடுக்காமல் நீங்களாகத் தேர்ந்தெடுத்தால் எந்த இடைவெளி என்பதையும் விடையோடு சேர்த்து எழுதுங்கள். ‘எங்கிருந்து எங்கே வரை’ என்று சொல்லாத மாறுவீதத்தை யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை, செய்தியில் வந்தாலும்தான்.

ரம்பப் பல் வரைபடம்

முனை தேர்வு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு மௌனா லோவா வரைபடம் மாதிரி இன்னொன்று இல்லை. ஹவாயில் ஓர் எரிமலைச் சரிவில், காற்றில் உள்ள கரியமில வாயுவின் அளவை 1958-லிருந்து அளந்து வருகிறார்கள். சார்லஸ் டேவிட் கீலிங் தொடங்கியது, அதனால் கீலிங் வளைகோடு என்று பெயர். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது அதன் அலகு, சுருக்கமாக பிபிஎம். தூரத்திலிருந்து பார்த்தால் வழுவழுவென்று ஏறும் கோடு, கிட்டே போனால் ரம்பத்தின் பல் மாதிரி ஒவ்வொரு வருடமும் ஏறி இறங்குகிறது. மே மாதத்தில் உச்சம். அப்புறம் வட பாதி உலகத்தின் செடிகொடிகள் தழைத்து வாயுவை உறிஞ்ச, செப்டம்பர் வாக்கில் அடிமட்டம்.

2019 மே மாதத்தில் அளவு ஏறக்குறைய 415, செப்டம்பரில் ஏறக்குறைய 409. நான்கு மாதத்தில் 6 இறக்கம், மாதத்துக்கு −1.5. இதை மட்டும் பார்த்தால் கரியமில வாயு கடகடவென்று குறைகிறது, கவலையை விடுங்கள் என்று சொல்லிவிடலாம். கணக்கில் பிழை இல்லை, பல்லின் உச்சியில் ஒரு முனையும் பள்ளத்தில் ஒரு முனையும் வைத்ததில்தான் பிழை. இப்படி ஏறி இறங்கும் வரைபடத்தில் மேயிலிருந்து மே, செப்டம்பரிலிருந்து செப்டம்பர் என்று வருடத்தின் ஒரே காலத்தில் இருக்கும் புள்ளிகளை எடுக்க வேண்டும், அல்லது வருட சராசரியை எடுக்க வேண்டும். வருட சராசரி 1960-ல் 317, 1980-ல் 339, 2000-ல் 370, 2020-ல் 414 (தசமங்களை விட்டுவிட்டேன்). இருபது இருபது வருடமாகப் பார்த்தால் வருடத்துக்கு 1.1, பிறகு 1.55, பிறகு 2.2. மாறுவீதமே ஏறிக்கொண்டு போகிறது. கோடு மேல்நோக்கி வளைகிறது என்று சொல்வதற்கு இதுதான் பொருள்.

அச்சைப் படிக்கச் சொன்னேனே, அதுவும் இங்கே உதவும். இந்த வரைபடத்தின் செங்குத்து அச்சு பெரும்பாலும் 310 பக்கத்தில்தான் தொடங்கும். பார்க்கிறவர்களுக்கு வாயு பல மடங்கு பெருகியது போலத் தோன்றும், படித்தால் 317-லிருந்து 414. மாறுவீதத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது, கழித்துவிடுவதால் தொடக்கம் எங்கே இருந்தாலும் ஒரே விடைதான் வரும். கண்ணால் பார்த்து ‘செங்குத்தாக ஏறுகிறது’ என்று சொல்வதுதான் நம்பத் தகாதது. அதே வரைபடத்தைப் பக்கவாட்டில் இழுத்து அகலமாக்கினால் அதே கோடு சாதுவாகிவிடும்.

சராசரிகளின் சராசரி

ஒரு சின்னப் பொறி. மேலே வந்த 1.1, 1.55, 2.2 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய 1.62. நேரடியாக 1960-லிருந்து 2020 வரை பார்த்தாலும் 97 ÷ 60, அதே 1.62. ஆஹா, அப்படியானால் துண்டு துண்டாகக் கண்டுபிடித்து சராசரி எடுத்துவிடலாமே?

வான்கடேயில் செய்து பாருங்கள். தொடக்கத்திலிருந்து சச்சின் அவுட்டாகும் வரை 5.03, அங்கிருந்து கோலி வரை 5.35, கம்பீர் வரை 5.54, கடைசித் துண்டு 7.71. நான்கின் சராசரி 5.91. ஆனால் மொத்த ஆட்டத்துக்கு 290 பந்தில் 277 ரன், ஓவருக்கு 5.73. ஒத்துப்போகவில்லை. கீலிங் வளைகோட்டில் மூன்று துண்டும் சமமாக இருபது வருடம், அதனால் பலித்தது. இங்கே ஒரு துண்டு 37 பந்து, இன்னொன்று 118 பந்து, ஆனாலும் கடைசி 42 பந்தின் வேகத்துக்கு மற்றவற்றுக்குச் சமமான மரியாதை கொடுத்துவிட்டோம். முழு இடைவெளிக்கு வேண்டுமென்றால் முழு இடைவெளியின் இரண்டு முனைக்குப் போய்விடுங்கள், அதுதான் சுலபம்.

புள்ளியைப் படிக்கும் கை

தேர்வில் எண்கள் கொடுக்காமல் வெறும் வளைகோடு மட்டும் கொடுத்திருந்தால், கட்டக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வளைகோடு சரியாகப் போகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் கேள்வி அமைத்தவர் அப்படி இரண்டு இடம் வைத்திருப்பார். இல்லையென்றால் கிடை அச்சில் அந்த எண்ணிலிருந்து பென்சிலால் நேராக மேலே ஒரு மெல்லிய கோடு, வளைகோட்டைத் தொட்ட இடத்திலிருந்து இடப்பக்கம் செங்குத்து அச்சுக்கு இன்னொரு மெல்லிய கோடு. கண்ணால் உத்தேசமாகப் படிக்காதீர்கள். உயரத்தில் ஓர் அலகு தவறாகப் படித்தீர்கள் என்று வையுங்கள்; இடைவெளி 10 அலகு என்றால் விடையில் 0.1 மட்டும் தவறு, இடைவெளி 1 அலகு என்றால் முழுதாக 1 தவறு. புள்ளிகள் நெருங்க நெருங்கக் கை நடுக்கத்துக்கு விலை கூடும்.

வளைகோடு ஓரிடத்தில் அறுந்து, ஒரு முனையில் உள்ளே வெறுமையான வட்டமும் இன்னொரு முனையில் நிரப்பிய வட்டமும் இருந்தால், நிரப்பிய வட்டத்தின் உயரம்தான் சார்பின் மதிப்பு. வெறும் வட்டத்தைப் படித்தால் போச்சு.

புள்ளிகளை நெருக்கிக்கொண்டே போனால்

கிண்ண வளைகோட்டில் ஒரு முனையை 1-லேயே நிறுத்திவிட்டு இன்னொரு முனையை இழுத்துக்கொண்டே வாருங்கள். 1-லிருந்து 3 வரை 4. 1-லிருந்து 2 வரை 3. 1-லிருந்து 1.1 வரை 2.1. 1.01 வரை 2.01. ஸ்கேல் மெல்லத் திரும்பி, இரண்டு புள்ளியை வெட்டிக்கொண்டிருந்தது ஒரே புள்ளியை உரசிக்கொண்டு நிற்கும், அதுதான் தொடுகோடு, அதன் சாய்வு 2. வகைநுண்கணிதம் இங்கேதான் தொடங்குகிறது, அது வேறு கட்டுரை.

வார்மில் இப்படி எவ்வளவு வேண்டுமானாலும் நெருக்க முடியாது, ஒரு பந்துக்குக் கீழே போக வழியில்லை. 48.1-லிருந்து 48.2 வரை: மேலே 6 ரன், வலப்பக்கம் ஆறில் ஒரு ஓவர். அந்த ஒரு பந்துக்கு ஓவருக்கு 36.